கனவில் கேட் போட்டிருக்கிறது

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு 45 வயது. கொருக்குப்பேட்டையில் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். நான்கு மாதமாக ஒரே கனவு வாரத்துக்கு மூன்று நாளாவது வருகிறது. பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சைக்குப் போகிறேன். ரயில்வே கேட் போட்டிருக்கிறது. டேங்கர் கூட்ஸ் வண்டி போகிறது, போகிறது, முடியவே இல்லை. அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடிக்கிறது. கையிலிருக்கும் ஹால் டிக்கெட் நனைந்து எழுத்தெல்லாம் அழிந்திருக்கிறது. கேட்கீப்பரைக் கூப்பிடுகிறேன், குரல் வரவில்லை, காலும் நகரவில்லை. தண்ணீர் பிடிக்க நான்கேகாலுக்கு அலாரம் வைப்பேன். சில நாள் அலாரம் எழுப்புகிறது, சில நாள் அதற்கு முன்பே கனவு எழுப்பிவிடுகிறது. எழுந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. நடுவில் இரண்டு முறை பல் கொத்தாகக் கையில் கொட்டுவது போலவும் கனவு வந்தது.

அந்தப் பரீட்சையை நான் 1996-இலேயே எழுதி 71 மார்க் வாங்கிவிட்டேன். அன்றைக்கு நிஜமாகவே கேட் போட்டிருந்தது. வண்டி போனதும் அப்பா சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார், மணி அடிக்கும் முன்பே போய்விட்டேன். அப்பா இப்போது இல்லை. என் மகள் இந்த வருஷம் பிளஸ் டூ. விடியற்காலைக் கனவு பலிக்கும், பல் விழுந்தால் வீட்டில் சாவு விழும் என்கிறார் மாமியார். தெரிந்தவர் ஒருவர் பரிகாரத்துக்கு 5,000 ரூபாய் கேட்கிறார். மற்றபடி பெரிய பிரச்சினை எதுவும் இல்லை. மகளிர் குழுவில் நான்தான் தலைவி. வங்கிக் கடனில் இரண்டு பேர் தவணை பாக்கி, அதில் ஒருவர் என் நாத்தனார். அது ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒற்றைத் தலைவலிக்கு ஐப்பசியிலிருந்து புரோப்ரனலால் மாத்திரை சாப்பிடுகிறேன். இந்தக் கனவுக்கு என்ன அர்த்தம்? மகளிடம் சொல்லலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்த 5,000 ரூபாய்தான். தயவுசெய்து கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு நீங்கள் எத்தனை பிளவுஸ் தைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய் மகள் பேரில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வந்தால் மனம் லேசாகும் என்றால் தாராளமாகப் போய்வாருங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் ஒருவர் உங்கள் பயத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு அதற்கு ஒரு விலையும் சொல்கிறார் என்றால், அவரிடம் இனிமேல் கனவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அடுத்து, உங்கள் வயிற்றில் புளியைக் கரைக்கும் விஷயம். இந்தக் கனவு உங்கள் மகளின் பரீட்சை முடிவைச் சொல்லவில்லை. பல் கனவு யாருடைய சாவையும் சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்து இந்தப் பகுதி மக்களின் கனவுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடல் வீட்டுக்குள் வரும் கனவு, கன்டெய்னர் லாரிக்கு முன்னால் கால் மாட்டிக்கொள்ளும் கனவு, ராத்திரியில் ஏதோ வாயு கசிந்து தெருவே ஓடும் கனவு, எல்லாம் கேட்டிருக்கிறேன். கண்டவர்களின் பழைய நாட்களைப் பற்றியும் இப்போது அவர்கள் படும் பாட்டைப் பற்றியும் அவை எனக்கு நிறையச் சொல்லியிருக்கின்றன. நாளைக்கு என்ன நடக்கும் என்று ஒன்றுகூடச் சொன்னதில்லை.

உங்கள் மாமியார் சொல்வதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. பெரியவர்கள் ஒன்றைச் சரியாகவே கவனித்திருக்கிறார்கள். விடியும் நேரத்துக் கனவு நீளமாக இருக்கும், தெளிவாக இருக்கும், எழுந்த பிறகும் நெஞ்சில் நிற்கும். அது தூக்கத்தின் அமைப்பால் வருவது. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியல் கிளைட்மனும், தூங்குகிறவர்களின் மூடிய இமைக்குள் கண்கள் விறுவிறுவென்று அசையும் ஒரு கட்டம் இருப்பதைக் கண்டு எழுதினார்கள். அந்த நேரத்தில் எழுப்பப்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் அப்போதுதான் கண்ட கனவைச் சொன்னார்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை இந்தக் கட்டம் வந்து போகும். முன்னிரவில் சில நிமிடம்தான். இரவு போகப் போக நீண்டு, விடியற்காலையில் அரை மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் நீடிக்கும்.

நீங்கள் அலாரம் வைத்திருப்பது நான்கேகாலுக்கு. கனவு மிக நீளமாக ஓடும் நேரம் பார்த்து அதன் நடுவில் மணி அடிக்கிறது. கனவு ஓடும்போதே விழித்துக்கொண்டால்தான் அது நினைவில் தங்கும். கனவு முடிந்து தூக்கம் தொடர்ந்துவிட்டால் பெரும்பாலும் மறந்துபோகும். கேட் திறந்து நீங்கள் நிம்மதியாக உள்ளே போன கனவுகளும் வந்திருக்கலாம். அவற்றைப் பார்த்த ஞாபகமே உங்களுக்கு இருக்காது.

கால் நகரவில்லை, குரல் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதே தூக்கக் கட்டத்தில், கண்ணையும் மூச்சுக்கான தசைகளையும் தவிர உடம்பின் பெரும்பாலான தசைகளை மூளை செயல்படாமல் கட்டிவைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடும் ஒவ்வொருவரும் பாயிலிருந்து எழுந்து ஓடுவார்கள். ஓட நினைத்தும் ஓட முடியாத அந்த உணர்வு இதிலிருந்து வரக்கூடும் என்பது ஒரு விளக்கம். அமுக்குவான் பேய் என்று நம் பக்கத்தில் சொல்வதும் இதுதான். விழிப்பு வந்துவிட்டது, உடம்பின் கட்டு இன்னும் அவிழவில்லை, அவ்வளவே.

பல் கனவை இரண்டு வரியில் முடித்துவிடலாம். 2018-இல் இஸ்ரேலில் 210 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வில், பல் விழும் கனவுக்கும் மனவேதனைக்கும் தொடர்பு தெரியவில்லை, எழுந்தவுடன் பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இருக்கும் இறுக்கத்தோடுதான் தொடர்பு தெரிந்தது. காலையில் உங்களுக்குத் தாடை வலிக்கிறதா, ராத்திரியில் நீங்கள் பல்லைக் கடிப்பதாக வீட்டில் யாராவது சொல்கிறார்களா என்று பாருங்கள். ஆம் என்றால் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பரீட்சைக் கனவுதான் உங்களை அதிகம் வாட்டுகிறது. என்றைக்கோ பாஸ் செய்த பரீட்சை இப்போது ஏன் வர வேண்டும் என்று கேட்கிறீர்கள். நூறு வருஷத்துக்கு முன்பே இதை சிக்மண்ட் பிராய்ட் கவனித்திருக்கிறார். பரீட்சைக் கனவு பெரும்பாலும் அந்தப் பரீட்சையில் தேறியவர்களுக்குத்தான் வருகிறது என்றார் அவர். மருத்துவப் படிப்பில் சட்ட மருத்துவப் பாடத்தில் அவர் தோற்றார். அது அவர் கனவில் வரவே இல்லை. பயந்து பயந்து எழுதித் தேறிய தாவரவியலும் விலங்கியலும் வேதியியலும்தான் வந்தன. மறுநாள் பொறுப்பான காரியம் ஒன்று காத்திருக்கும்போது, அது சரியாக வருமா என்ற கவலையில் இந்தக் கனவு வருகிறது என்றும், அன்றைக்கும் இப்படித்தான் பயந்தாய், ஆனாலும் ஒன்றும் ஆகவில்லையே என்ற ஆறுதல் அதற்குள் இருக்கிறது என்றும் சொன்னார். கனவைப் பற்றி அவர் சொன்ன பலவற்றை நான் ஏற்பதில்லை. இந்த ஒன்று மட்டும் என் அனுபவத்தோடு பொருந்தி வருகிறது.

உங்கள் மகளுக்கே இப்படி ஒரு கனவு வந்தால்கூட பயப்பட வேண்டாம் என்பதற்காக இன்னொன்றும் சொல்கிறேன். பாரிஸில் மருத்துவப் படிப்புக்கான போட்டித் தேர்வு எழுதிய 719 மாணவர்களைக் கேட்டு எழுதிய ஆய்வு ஒன்று 2014-இல் வெளிவந்தது. முந்தைய இரவு தேர்வைப் பற்றிக் கனவு கண்டவர்கள் நூற்றுக்கு அறுபது பேர். அந்தக் கனவுகளில் பெரும்பாலானவை கெட்ட கனவுகள், நேரமாகிவிட்டது, விடை மறந்துவிட்டது என்கிற மாதிரி. தேர்வைப் பற்றி அடிக்கடி கனவு கண்டவர்கள்தான் சற்றுக் கூடுதல் மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். அக்கறை உள்ள இடத்தில் பயமும் இருக்கும். கனவில் தோற்றதற்கும் ஹாலில் எழுதியதற்கும் சம்பந்தம் இல்லை.

சரி, அப்படியானால் உங்கள் கனவுக்கு என்னதான் அர்த்தம்?

தினசரிக் காலண்டரின் பின்பக்கத்தில் போட்டிருக்கும் பலன் பட்டியல் மாதிரி, கேட் வந்தால் இது, ரயில் வந்தால் அது என்று என்னால் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. கடல் கனவையே எடுத்துக்கொள்ளுங்கள். காசிமேட்டில் விசைப்படகில் போகிறவருக்குக் கடல் என்றால் சோறு. 2004 டிசம்பர் 26 காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அம்மாவுக்கு அதே கடல் வேறு. இருவருக்கும் ஒரே பலன் எழுதினால் இருவரையுமே ஏமாற்றியதாகும். அதனால் கனவில் வந்த பொருளை நான் துருவுவதில்லை. கனவில் உங்களுக்கு என்ன உணர்ச்சி இருந்தது, பகலில் அதே உணர்ச்சி உங்களுக்கு எந்த இடத்தில் வருகிறது, இந்த இரண்டைத்தான் கேட்பேன்.

உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். கனவைப் பற்றி அத்தனை விவரம் எழுதியிருக்கிறீர்கள். "மற்றபடி பெரிய பிரச்சினை எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டு, அதற்கு அடுத்த வரியில் குழுக் கடனை எழுதி, "அது ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று முடித்துவிட்டீர்கள். கனவில் கூட்ஸ் வண்டியும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

நான் சொல்வது ஊகம், சரியா தவறா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். தலைவி என்ற முறையில் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். வங்கியிலிருந்து போன் வந்தால் உங்களுக்குத்தான் வரும். பாக்கி வைத்தவர்களில் ஒருவர் வெளியாள், அவரிடம் எப்படியாவது கேட்டுவிடலாம். இன்னொருவர் நாத்தனார். கேட்டால் வீட்டில் என்ன ஆகுமோ. அதிலும், உங்கள் கனவுக்குப் பலன் சொல்லும் அதே மாமியாரின் மகள் அவர். கேட்கீப்பரைக் கூப்பிட வாய் திறந்தும் குரல் வரவில்லை என்று எழுதினீர்களே, பகலில் உங்களுக்குக் குரல் வராத இடம் இதுதானோ என்று எனக்குத் தோன்றியது. அழிந்துபோன ஹால் டிக்கெட்டும், உங்கள் பெயரும் கையெழுத்தும் உள்ள இன்னொரு தாளை எனக்கு நினைவுபடுத்தியது. இதைப் படிக்கும்போது உள்ளே ஏதாவது சுருக்கென்றதா என்று பாருங்கள். சுருக்கென்றால் நாம் சரியான தெருவில் இருக்கிறோம். ஒன்றுமே தோன்றவில்லை என்றால் என் ஊகத்தை விட்டுவிடுங்கள். கனவு உங்களுடையது, அதைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

இன்னொன்றையும் கவனித்தேன். நிஜத்தில் அந்தக் காலையில் உங்களோடு அப்பா இருந்தார். கனவில் கேட் இருக்கிறது, வண்டி இருக்கிறது, மணி இருக்கிறது, அப்பா மட்டும் இல்லை. சைக்கிளைத் தோளில் தூக்க ஆள் இல்லாமல் நீங்கள் மட்டும் தனியாக நிற்கிறீர்கள். நான்கு மாதமாக இந்தக் கடன் விஷயத்தை நீங்கள் யாரிடமும் மனம்விட்டுப் பேசவில்லை என்று நினைக்கிறேன். கடிதத்தில் உங்கள் கணவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருக்கிறாரா, வெளியூரிலா, அவருக்கு இந்தக் கடன் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றால் அவரிடம் முதலில் சொல்லுங்கள்.

இதற்கு நடுவில் அந்த மாத்திரையை மறந்துவிடக் கூடாது. புரோப்ரனலால் ஒற்றைத் தலைவலியைத் தடுக்க நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவரும் நல்ல மாத்திரைதான். ஆனால் அது மூளைக்குள் எளிதாகப் போகக்கூடியது. தூக்கம் கெடுவதும் கெட்ட கனவுகள் வருவதும் அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள். ஐப்பசியில் மாத்திரை ஆரம்பித்தீர்கள், கனவும் நான்கு மாதமாக வருகிறது. கடன் பாக்கியும் அதே சமயம்தான் என்றால் இரண்டில் எது காரணம் என்று கடிதத்தை வைத்து நான் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். நான் சொன்னேன் என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இதைத் திடீரென்று நிறுத்தினால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும், ஆபத்து. எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய், இது ஆரம்பித்ததிலிருந்து கனவு வருகிறது என்று அப்படியே சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, வேறு மாத்திரைக்கு மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். வீசிங் இருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள், வீசிங் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது.

மணலி, எண்ணூர் பக்கத்து வாசகர்களுக்கும் இதையொட்டி ஒன்று. வீசிங்குக்கும் அலர்ஜிக்கும் பிள்ளைகளுக்குத் தரப்படும் மான்டிலுகாஸ்ட் மாத்திரையாலும் சிலருக்குக் கெட்ட கனவும் மனநிலை மாற்றமும் வருவது உண்டு. 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்குக் கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது. பிள்ளை புதிதாக ராத்திரியில் அலறி எழுந்தால் மந்திரிக்க ஓடுவதற்கு முன் மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்டுங்கள்.

கனவை நிறுத்த வழி உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை. அர்த்தம் மட்டும் கேட்டீர்கள். ஆனால் வழி உண்டு. அர்த்தம் முழுதாகப் புரியாவிட்டாலும் அது வேலை செய்யும். கெட்ட கனவுகளுக்கு மருந்தில்லாமல் தரும் சிகிச்சைகளில் நான் அதிகம் நம்புவது இதைத்தான். கனவை விழித்திருக்கும்போதே மாற்றி எழுதி, மாற்றியதை ஒத்திகை பார்ப்பது. அமெரிக்காவில் பேரி கிராக்கோவ் என்ற மருத்துவர், பாலியல் வன்முறைக்கு ஆளாகி வருஷக்கணக்காகக் கொடுங்கனவுகளால் தவித்த 168 பெண்களைக் கொண்டு இதைச் சோதித்து 2001-இல் எழுதினார். மூன்றே அமர்வுகளில் இந்த முறையைக் கற்றுக்கொண்டவர்களுக்குக் கனவுகள் நன்றாகக் குறைந்தன, தூக்கமும் தேறியது. அவ்வளவு பெரிய காயத்துக்கே பயன்பட்டது என்றால் உங்கள் கேட்டை அது திறக்காதா?

செய்யும் விதத்தைச் சொல்கிறேன். பகலில், மிஷினை நிறுத்திவிட்டு, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கனவை வருகிறபடியே எழுதுங்கள். பிறகு அதை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றி மறுபடி எழுதுங்கள். எந்த இடத்தில் மாற்றுவது, எப்படி மாற்றுவது என்பதெல்லாம் உங்கள் விருப்பம். நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கூட்ஸ் வண்டி சட்டென்று நின்று அதன் கார்டு இறங்கி வந்து உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம். ஹால் டிக்கெட்டை வெயிலில் காட்டினால் எழுத்து திரும்பி வரலாம். அந்தப் பக்கத்திலிருந்து மேற்பார்வையாளரே கேள்வித்தாளோடு நடந்து வந்து, இங்கேயே உட்கார்ந்து எழுதம்மா என்று சொல்லலாம். அப்பாவை அழைத்து வர வேண்டும் என்று தோன்றினால் அழைத்து வாருங்கள். தோன்றாவிட்டால் வேண்டாம், சிலருக்கு அது அழுகையைக் கிளப்பிவிடும்.

மாற்றி எழுதியதைத் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். கேட்டின் கலர், தண்டவாளத்தின் ஆயில் நாற்றம், காலடியில் ஜல்லி, எல்லாம் வரட்டும். பழைய கனவை ஒத்திகை பார்க்காதீர்கள், புதியதை மட்டும். படுக்கும் முன் ஒரு முறை அதை நினைத்துக்கொண்டு படுத்தால் போதும். இரண்டு மூன்று வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். மூன்றாம் நாளே கனவு நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் முதலில் கனவு கொஞ்சம் நிறம் மாறும். கேட் பாதி திறந்திருக்கும், அல்லது வண்டியின் கடைசிப் பெட்டி கண்ணுக்குத் தெரியும்.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றி அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். மீன் ஏலத்தில் வேலை பார்ப்பவர். சுனாமிக்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேலாக, கறுப்புத் தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே வரும் கனவு அவருக்கு. ஒத்திகை என்று நான் சொன்னதும், இதென்ன சின்னப் பிள்ளை விளையாட்டு என்பது போல முகம் போனது. எழுதப் படிக்க வராது என்றார். சரி, சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "தண்ணி வரட்டும், நான் வாசல்லயே படகைக் கட்டி வச்சிருக்கேன், எங்கம்மா அதுல உக்காந்து வெத்தல போட்டுனு இருக்கு" என்றார். அவர் அம்மா அதற்கும் வெகு காலம் முன்பே இறந்துபோனவர். ஒரு மாதம் கழித்து வந்தபோது, தண்ணீர் இன்னமும் வருகிறது, ஆனால் முட்டிக்கு மேல் ஏறுவதில்லை என்றார். அதற்கப்புறம் கனவு எப்போது நின்றது என்று அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

உங்களுக்கு அந்த அளவு காலம் ஆகாது என்று நம்புகிறேன். ஆனால் ஒத்திகையை மட்டும் செய்துவிட்டுக் கடன் விஷயத்தை அப்படியே போட்டுவைத்தால் அது வேறு ரூபத்தில் வரும். நாத்தனாரிடம் தனியாகப் போய்க் கேட்பது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் கேட்காதீர்கள். குழுக் கூட்டத்தில் எல்லார் கணக்கையும் சேர்த்து வாசியுங்கள். யார் எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் எப்படிக் கட்டுவது என்று பேசி, தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். அப்போது கேட்பது குழு, அண்ணி இல்லை. வங்கி மேலாளரையும் அவர் கூப்பிடும் வரை காத்திருக்காமல் நீங்களே இரண்டு உறுப்பினர்களை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். தவணையை மாற்றித் தர வழி இருக்கிறதா என்று கேளுங்கள். போகும்போது தனியாகப் போக வேண்டாம், அது மட்டும் முக்கியம்.

கூட்டம் வரைக்கும் கவலை ராத்திரியில் கிளம்பாமல் இருக்க, சாயங்காலம் ஒரு இருபது நிமிடம் அதற்கென்றே ஒதுக்குங்கள். ஆறரையிலிருந்து ஆறு ஐம்பது வரை என்று வையுங்கள். மனதில் இருப்பதையெல்லாம் தாளில் கொட்டி, நாளைக்கு அதில் எதைச் செய்யலாம் என்று பக்கத்தில் எழுதிவிட்டு மூடிவையுங்கள். ராத்திரி அது தலை தூக்கினால், நாளைக்கு ஆறரைக்கு வா என்று சொல்லுங்கள். பழக்கமானால் வேலை செய்யும். சாயங்காலத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். நான்கேகாலுக்கு எழுந்தே ஆக வேண்டும் என்றால் பத்து மணிக்காவது படுத்துவிடுங்கள். ஆர்டர் இருக்கிறது என்று பன்னிரண்டு மணி வரை மிஷின் மிதித்துவிட்டு நான்கு மணி நேரம் தூங்கினால் எந்தச் சிகிச்சையும் எடுபடாது. வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் பிடிக்க வேறு யாராவது எழுந்திருக்கக் கூடாதா?

நேரில் வர வேண்டிய நிலையும் உண்டு. தூங்கவே பயமாக இருப்பது, பகலில் வேலை ஓடாமல் போவது, பட்ட கொடுமை ஏதாவது கண்முன் திரும்பத் திரும்ப ஓடுவது, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் ஒரு முறையாவது எட்டிப் பார்ப்பது. இப்படி ஏதாவது இருந்தால் ஒத்திகையோடு நிற்காதீர்கள். குறிப்பாகக் கடைசியாகச் சொன்ன எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். அடிக்கடி கொடுங்கனவு காண்கிறவர்களிடம் அந்த எண்ணம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பதைப் பார்த்திருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். குறட்டை பலமாக இருந்து மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொன்னாலும், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட யாராவது கனவில் நடப்பதையே கை கால் வீசிச் செய்தாலும் அதுவும் டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது, மனநலப் பிரிவு அங்கேயே உண்டு. 1794-இல் தொடங்கிய அரசு மனநலக் காப்பகமும் இப்போது கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டாலே நம் ஜனங்கள் தயங்குவார்கள். தூக்கம் வரவில்லை, கெட்ட கனவு வருகிறது என்று தினமும் புறநோயாளிகளாக எத்தனையோ பேர் போய்விட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். போக முடியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416-க்குப் போன் செய்யுங்கள். எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மகளிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள், ஆனால் பலனோடு சேர்த்துச் சொல்லாதீர்கள். பரீட்சைக்கு முன்னால் பாட்டி சொல்லும் பலன் அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாமியாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "டாக்டர், இது மாத்திரையால் வரலாம்னு சொல்லிட்டாங்க அத்தை" என்று சொல்லுங்கள், அதில் பொய் இல்லை. மகளிடம் அந்த 1996 காலையைச் சொல்லுங்கள். கேட் போட்டிருந்தது, தாத்தா சைக்கிளைத் தூக்கினார், அம்மா மூச்சிரைக்க ஹாலுக்குள் போய் உட்கார்ந்தாள் என்று. 71 மார்க் போட்ட அந்த மார்க் ஷீட் பீரோவில் எங்கேயாவது இருக்கும், எடுத்துக் காட்டுங்கள். அவளுக்கும் இந்த மாதம் ஏதாவது கனவு வந்துகொண்டிருக்கலாம். நீங்கள் சொன்ன பிறகு அவளும் சொல்வாள்.

மாத்திரை விஷயமாக டாக்டரைப் பார்த்த பிறகும், குழுக் கூட்டம் முடிந்த பிறகும் எனக்கு எழுதுங்கள். மாற்றி எழுதிய கனவையும் அனுப்பினால் படிக்க ஆசை.